கடன் நெருக்கும் வீட்டில் ‘எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்’

சகோதரி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். இதே நிலையில் இருக்கிற வேறு சிலரும் இதை வாசிக்கக்கூடும். கணவரின் தறிப்பட்டறை நின்றுபோய் இரண்டு வருடம் ஆகிறது. நிதி நிறுவனத்தில் வாங்கிய கடனுக்குத் தவணை கட்ட முடியவில்லை. வசூலுக்கு வருகிறவர்கள் நேரம் காலம் பார்க்காமல் போன் செய்கிறார்கள், அக்கம்பக்கம் கேட்கும்படி வாசலில் நின்று சத்தம் போடுகிறார்கள். ‘இத்தனை ஜெபம் பண்ணி என்னத்தைக் கண்டாய்’ என்று சொந்தபந்தம் கேட்கிறது. கணவர் ஆராதனைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். சபையில், தேவன் செய்த நன்மையை ஒவ்வொருவராக எழுந்து சொல்கிற சாட்சி நேரம் வந்தால் எழுந்து வெளியே போய்விடலாம் போலிருக்கிறது. ‘எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்’ என்ற வசனம் காதில் விழும்போது அது உங்களையே குற்றம் சொல்வதுபோல் இருக்கிறது. மற்றவர்களுக்கு இருக்கிற சந்தோஷமும் தைரியமும் எனக்கு ஏன் இல்லை, என் விசுவாசம் செத்துப்போய்விட்டதா என்று கேட்கிறீர்கள்.

செத்துப்போகவில்லை. அழுதுகொண்டே ஜெபிப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதுவே விசுவாசம்தான். உங்களை வாட்டுகிற அந்த வசனத்தை எழுதினவர் எந்த நிலையில் இருந்து எழுதினார், வாங்கி வாசித்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பார்த்தால், நம் பிரசங்கங்களில் கேட்கிற அர்த்தத்துக்கும் அதற்கும் உள்ள தூரம் தெரியும். சந்தோஷமும் தைரியமும் தனி மனுஷி பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே இருந்து வரவழைக்க வேண்டியவை என்று வேதம் சொல்லவில்லை. அவை கர்த்தரிடத்திலிருந்து வருகின்றன. பெரும்பாலும் இன்னொரு மனுஷனுடைய கை வழியாக வந்து சேருகின்றன. கண்ணீர் காயும்வரை காத்திருப்பதும் இல்லை. இதை என் சொந்தக் கருத்தாகச் சொன்னால் உங்களுக்குப் போதாது. அந்த வசனம் அப்போஸ்தலனாகிய பவுல் பிலிப்பி சபைக்கு எழுதின நிருபத்தில் வருகிறது, அதனால் பிலிப்பி பட்டணத்துக்கே போய்ப் பார்ப்போம்.

பிலிப்பி மக்கெதோனியாவில், எக்னாத்தியா என்ற ரோம நெடுஞ்சாலையின்மேல் இருந்த ஊர். கி.மு. 42-ல் அங்கே நடந்த பெரிய யுத்தத்துக்குப் பிறகு ஓய்வுபெற்ற ரோமப் போர்வீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். அதனால் ரோமக் குடியுரிமை என்றால் அந்த ஊருக்குத் தனிப் பெருமை. பவுலும் சீலாவும் கி.பி. 50-ஐ ஒட்டி அங்கே வந்தபோது, ஓய்வுநாளில் ஆற்றங்கரையில் ஜெபத்துக்குக் கூடின சில பெண்களைத்தான் சந்தித்தார்கள். அவர்களில் ஒருத்தி லீதியாள், தியத்தீரா ஊர்க்காரி, இரத்தாம்பரம் என்ற விலையுயர்ந்த ஊதாத் துணி விற்கிறவள். அவள் வீடுதான் அந்த ஊரின் முதல் சபை.

பிறகு நடந்ததை நீங்கள் ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருப்பீர்கள். ஆனால் அந்த வழக்கு எங்கே ஆரம்பித்தது என்பதைக் கவனியுங்கள். குறிசொல்லிப் பணம் சம்பாதித்துக் கொடுத்த ஓர் அடிமைப்பெண் விடுதலையானாள். எஜமான்களின் வருமானம் நின்றது. பணம் போன ஆத்திரத்தில்தான் பவுலையும் சீலாவையும் சந்தைவெளிக்கு இழுத்துக்கொண்டுபோனார்கள். விசாரணை எதுவும் இல்லை. வஸ்திரத்தைக் கிழித்து, எல்லார் முன்னிலையிலும் அடித்து, உட்காவலறையில் தள்ளி, கால்களைத் தொழுமரத்தில் மாட்டினார்கள். ஊர் பார்க்க அவமானப்படுவது என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் வாசலில் நடப்பது அவர்களுக்குப் புதிதாக இருந்திருக்காது.

“நடுராத்திரியிலே பவுலும் சீலாவும் ஜெபம்பண்ணி, தேவனைத் துதித்துப் பாடினார்கள்” என்று அப்போஸ்தலர் நடபடிகளில் லூக்கா எழுதுகிறார். இந்த இடத்தை வைத்து, ‘துதித்தால் கட்டுகள் அறுந்துபோகும்’ என்று எத்தனையோ கூட்டங்களில் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் மனவருத்தம் உண்டு. பாடினபோது பூமி அதிரும் என்று அவர்களுக்குத் தெரியாது. கதவு திறந்த பிறகும் அவர்கள் ஓடவில்லை. கதவைத் திறப்பதற்காகப் பாடினவர்கள் திறந்த கதவுக்குள்ளே உட்கார்ந்திருப்பார்களா? இன்னொன்று, அவர்கள் காயங்களைச் சிறைச்சாலைக்காரன் கழுவியது அதற்குப் பிறகுதான். அப்படியானால் பாடின நேரமெல்லாம் முதுகில் இரத்தம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த ராத்திரியில் பவுலும் சீலாவும் சந்தோஷமாக இருந்தார்கள் என்று லூக்கா எழுதவும் இல்லை. ஜெபித்தார்கள், பாடினார்கள், அவ்வளவுதான். மனமகிழ்ச்சி என்ற சொல் அந்தச் சிறைச்சாலைக்காரன் வீட்டைப் பற்றித்தான் வருகிறது. அவன் காயத்தைக் கழுவி, ஞானஸ்நானம் பெற்று, இவர்களை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சாப்பாடு வைத்த பிறகு. அடிபட்டவர்கள் பாடினார்கள், அந்தச் சந்தோஷம் இன்னொருவன் வீட்டில் பந்தியாகி, இவர்களும் அதில் உட்கார்ந்தார்கள். இப்படித்தான் அது வருகிறது, சகோதரி.

அவர்கள் இரண்டு பேராக இருந்தார்கள் என்பதையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவருக்குத் தொண்டை அடைத்திருந்தால் மற்றவர் அடுத்த வரியை எடுத்திருப்பார்.

விடிந்ததும் நடந்த காரியம் தைரியத்தைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு நேரான பதில். ‘போகலாம்’ என்று அதிகாரிகள் ஆள் அனுப்பினார்கள். தலைதப்பியது என்று பவுல் கிளம்பிவிடவில்லை. “ரோமராகிய எங்களை அவர்கள் நியாயம் விசாரியாமல் வெளியரங்கமாய் அடித்து, சிறைச்சாலையிலே போட்டார்கள், இப்பொழுது இரகசியமாய் எங்களை விடுதலையாக்குகிறார்களோ? அப்படியல்ல, அவர்களே வந்து, எங்களை வெளியே அழைத்து விடட்டும்” என்றார். ரோமக் குடிமகனை விசாரிக்காமல் அடிப்பது சட்டவிரோதம். அதிகாரிகள் பயந்து, நேரில் வந்து கெஞ்ச வேண்டியதாயிற்று. ராத்திரி சிறையில் பாடின அதே மனுஷர் காலையில் சட்டம் பேசினார். இரண்டுக்கும் நடுவில் அவர் எந்த முரண்பாடும் காணவில்லை. பொறுமையாய் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வதுதான் கிறிஸ்தவப் பெண்ணுக்கு அழகு என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால், அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசிக்கச் சொல்லுங்கள்.

அதனால் உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறேன். கடன் வாங்கியது உண்மை, திருப்பிக் கட்ட வேண்டியதும் உண்மை. ஆனால் கடன்பட்டவளை எப்படியும் நடத்தலாம் என்று சட்டம் சொல்லவில்லை. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடனாளியை அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, ஊர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட்டில் வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் அறிவுறுத்தியிருக்கிறது. வருகிறவரிடம் அடையாள அட்டையையும் அவரை அனுப்பிய நிறுவனத்தின் கடிதத்தையும் கேளுங்கள். எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு யார் அழைத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியிடம், ஒம்புட்ஸ்மன் என்பார்களே, அவரிடம் போகலாம், கட்டணம் இல்லை. அதே கடிதத்தில், மாதம் உங்களால் உண்மையாகவே எவ்வளவு கட்ட முடியும் என்று சொல்லித் தவணையை மாற்றித் தரும்படியும் கேளுங்கள். இதை ஜெபத்தோடு செய்யுங்கள். ‘அவர்களே வந்து எங்களை அழைத்து விடட்டும்’ என்று சொன்னவருடைய விசுவாசம்தான் இதுவும்.

இனி அந்த நிருபம். பிலிப்பிக்கு முதன்முதல் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆன பிறகு, ரோமாபுரியில் காவலில் இருந்தபோது பவுல் இதை எழுதினார் என்பது சபையின் பழைய மரபு. கட்டுண்டு கிடக்கிறார், வழக்கு எப்படி முடியும் என்று தெரியாது, சாவதற்கும் வாய்ப்பு இருக்கிறது என்று முதல் அதிகாரத்திலேயே எழுதுகிறார். அந்தக் காலத்துச் சிறையில் கைதியின் சாப்பாடும் துணிமணியும் பெரும்பாலும் வெளியே இருக்கிற சொந்தக்காரர் கையில்தான். யாரும் வராவிட்டால் பட்டினி. பிலிப்பி சபையார் தங்களால் முடிந்ததைச் சேர்த்து எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். வந்த இடத்தில் அவருக்கு உயிர்போகிற வியாதி. நிருபம் எழுதப்பட்டதே இந்தப் பின்னணியில்தான். ஒரு பகுதி அதில் நன்றிக் கடிதம்.

இந்த நாலு அதிகாரத்தையும் ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள், கால் மணி நேரம்கூட ஆகாது. சந்தோஷம், மகிழ்ச்சி என்று திரும்பத் திரும்ப வரும். அதே காகிதத்தில், எப்பாப்பிரோதீத்து பிழைத்ததைப் பற்றி, “துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடிக்கு, எனக்கும் இரங்கினார்” என்று வருகிறது. ஏற்கனவே ஒரு துக்கம் இருந்தது, இன்னொன்று சேர்ந்திருந்தால் தாங்கியிருக்க மாட்டேன் என்கிறார். மூன்றாம் அதிகாரத்தில், “இப்பொழுது கண்ணீரோடும் சொல்லுகிறேன்” என்கிறார். அடுத்த அதிகாரத்தில்தான் ‘கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்’. கண்ணீரைத் துடைத்துவிட்டு வந்து அதை எழுதினார் என்று நினைக்க அந்த நிருபத்தில் இடமே இல்லை. அதற்கு அடுத்த வசனம், “கர்த்தர் சமீபமாயிருக்கிறார்” என்று முடிகிறது. சந்தோஷத்துக்கு அவர் காட்டுகிற காரணம் அதுதான். நிலைமை சரியாகிவிட்டது என்பது காரணம் இல்லை, தன் மனம் உறுதியானது என்பதும் காரணம் இல்லை. பிலிப்பியர் குடியுரிமையைப் பெருமையாக நினைத்தவர்கள் என்றேனே; அவர்களுக்கு, “நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது” என்று எழுதுகிறார். ஊரில் பெயர் போனாலும் போகாத ஒரு பெயர் உங்களுக்கு இருக்கிறது. உயிர்த்தெழுந்தவர் ஒருவர் இருக்கிறார், அவர் கிட்டே இருக்கிறார், தொடங்கினதை முடிப்பார். பவுலின் சந்தோஷத்துக்கு அடியில் இருந்தது இவ்வளவுதான். அவ்வளவும் உங்களுக்கும் இருக்கிறது, இன்று ராத்திரி நீங்கள் தூங்காமல் புரண்டாலும் இருக்கிறது.

“என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு” என்ற வசனம் நம்மில் பல வீடுகளில் சுவரில் தொங்குகிறது. அதற்கு அடுத்த வசனத்தை யாரும் படம் போட்டு மாட்டுவதில்லை: “ஆனாலும் நீங்கள் என் உபத்திரவத்தில் என்னுடனே பங்குபெற்றது நலமாயிருக்கிறது.” எல்லாவற்றுக்கும் பெலன் உண்டு என்று சொன்ன அதே வாய், நீங்கள் வந்து தோள்கொடுத்தது நல்லதாயிற்று என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது வசனத்தை நம் சபைகள் மறந்ததால்தான் உங்களைப் போன்றவர்கள் தனியாகத் தவிக்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதற்கு இன்னும் தெளிவான இடம் ஒன்று உண்டு. வேறொரு சமயம் பவுல் அதே மக்கெதோனியாவுக்கு வந்தபோது எப்படி இருந்தார் என்று கொரிந்தியருக்கு எழுதுகிறார்: “புறம்பே போராட்டங்களும், உள்ளே பயங்களும் இருந்தன.” உள்ளே பயங்கள்! தைரியத்துக்குப் பேர்போன அப்போஸ்தலன் எழுதினது இது. அதற்கு மேலே ஆசியாவில் நடந்ததைச் சொல்லும்போது, பிழைப்போம் என்கிற நம்பிக்கையே அற்றுப்போனது என்கிறார். சரி, அந்தப் பயத்தில் தேவன் என்ன செய்தார்? தரிசனமா, தூதனா? “சிறுமைப்பட்டவர்களுக்கு ஆறுதல்செய்கிற தேவன் தீத்து வந்ததினாலே எங்களுக்கு ஆறுதல்செய்தார்.” ஒரு நண்பன் வந்தான். அதைத்தான் பவுல் தேவன் செய்த ஆறுதல் என்கிறார். கெத்செமனேயில் நம் ஆண்டவர்தாமே, “என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது” என்று மூன்று சீஷரிடம் வாய்விட்டுச் சொன்னார், கூட விழித்திருக்கும்படி கேட்டார். அவர்கள் தூங்கிப்போனது வேறு விஷயம். அவர் கேட்டார் என்பதுதான் எனக்கு முக்கியம். தேவகுமாரன் கேட்டதை நீங்கள் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

தைரியமும் அப்படித்தான். அப்போஸ்தலர் 4-ஆம் அதிகாரத்தில் பேதுருவும் யோவானும் ஆலோசனைச் சங்கத்தில் மிரட்டப்பட்டு வெளியே வருகிறார்கள். நேரே தங்களைச் சேர்ந்தவர்களிடம் போய் நடந்ததை எல்லாம் சொல்கிறார்கள். எல்லாரும் சேர்ந்து ஜெபிக்கிறார்கள். ‘அவர்கள் பயமுறுத்தல்களைத் தேவரீர் கவனியும், நாங்கள் முழு தைரியத்தோடும் பேச அருள் தாரும்’ என்பது அந்த ஜெபத்தின் சாரம். தைரியம் கையில் இருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள். பயந்தவர்கள்தான் கேட்டார்கள், கூடிக் கேட்டார்கள், கிடைத்தது. பவுலும் எபேசியரிடம், நான் தைரியமாய்ப் பேசும்படி எனக்காக ஜெபியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார். இப்படி நாளுக்கு நாள் கேட்டு வாங்கினதைத்தான் நாம் பவுலின் குணம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

வேதத்துக்கு வெளியே ஒரு சாட்சியைச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் அவள் உங்களைப் போல ஒரு தாய். கி.பி. 203-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் பெர்பெத்துவா என்ற பெண்ணைக் கிறிஸ்தவள் என்பதற்காகச் சிறையில் போட்டார்கள். வயது இருபத்திரண்டு, கைக்குழந்தைக்காரி. சிறையில் நடந்ததைத் தன் கைப்படவே எழுதி வைத்தாள். கிறிஸ்தவப் பெண்கள் எழுதி நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையவற்றில் ஒன்று அது. அந்த இருட்டறையில் நுழைந்ததும் பயந்துபோனேன் என்று எழுதுகிறாள், அப்படிப்பட்ட இருட்டை அதற்குமுன் பார்த்ததே இல்லை என்கிறாள். வெக்கை, நெருக்கடி, காவலர்களின் அடாவடி, எல்லாவற்றுக்கும் மேலே பால் குடிக்காமல் வாடுகிற பிள்ளையைப் பற்றிய கவலை. சபையின் உதவிக்காரர் இரண்டு பேர் காவலருக்குப் பணம் கொடுத்து, கைதிகளைச் சில மணி நேரமாவது நல்ல இடத்தில் இருக்கும்படி செய்தார்கள். பிறகு பிள்ளையைத் தன்னோடே வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. அப்போதுதான் அந்தச் சிறை தனக்கு அரண்மனையாயிற்று, வேறெங்கும் இருக்க விருப்பமில்லை என்று எழுதுகிறாள். அந்த வரியை மட்டும் எடுத்துப் பிரசங்கிப்பது எளிது. அதற்கு முன்னால் சபையார் கொண்டுவந்த உதவியும் மடியில் வந்த பிள்ளையும் இருக்கின்றன. விசுவாசத்தை விட்டுவிடச் சொல்லித் தன் நரைத்த தலையைக் காட்டிக் கெஞ்சின அப்பாவைப் பார்த்து அவள் துக்கப்பட்டாள். அவரைக் காவலர் அடித்தபோது தன்னை அடித்ததுபோல் வேதனைப்பட்டாள். ஆனாலும் தான் கிறிஸ்தவள் என்று ஆளுநர் முன்னால் சொன்னாள். அப்பாவுக்காக மனம் உடைந்ததும் ஆளுநர் முன்னால் நிமிர்ந்து நின்றதும் ஒரே பெண்தான்.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. திருவிதாங்கூர் அரசில் வேலை பார்த்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை குடும்ப நஷ்டங்களால் மனம் நொந்திருந்தபோது, குளச்சல் போரில் பிடிபட்டு மன்னரின் படைக்கு வந்து சேர்ந்த டச்சு அதிகாரி டி லனாய் அவரிடம், எல்லாவற்றையும் இழந்தும் தேவனை விடாத யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வரலாறு. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனவர் அவர். 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. சித்திரவதையில் அவர் காட்டின தைரியத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அதன் தொடக்கம், நஷ்டப்பட்டவன் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து யோபுவைப் பற்றிப் பேசினது.

சாட்சி நேரத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வருடப் பிறப்பில் உங்கள் சபையில் கொடுத்த வாக்குத்தத்த அட்டையில், “நீயோ கடன் வாங்காதிருப்பாய்” என்ற வசனம் வந்ததாகவும், அதை அலமாரிக்குள் ஒளித்து வைத்திருப்பதாகவும் சொன்னீர்கள். அதை வாசித்ததும் எனக்கு நெஞ்சு கனத்தது. உபாகமம் 28-இல் வரும் அந்த வார்த்தை, வாக்குத்தத்த தேசத்துக்குள் போகவிருந்த இஸ்ரவேல் ஜனம் முழுவதுக்கும் உடன்படிக்கையின் பகுதியாகச் சொல்லப்பட்டது. ஒரு குடும்பத்தின் தறி நின்றதற்கு அதை அளவுகோலாக வைப்பது வேதத்துக்குச் செய்கிற நியாயம் ஆகாது. பிலிப்பியும் சேர்ந்த மக்கெதோனியா சபைகள் “கொடிய தரித்திரமுடையவர்களாயிருந்தும்” என்று பவுல் எழுதும்போது, அவர்கள் விசுவாசத்தில் குறை இருந்தது என்று எங்கும் சொல்லவில்லை. அவர்களுடைய பரிபூரண சந்தோஷத்தைப் பற்றி அதே வாக்கியத்தில் சொல்கிறார். வறுமையும் சந்தோஷமும் ஒரே வாக்கியத்தில் வரலாம் என்று வேதமே காட்டின பிறகு, நாம் ஏன் அவற்றைப் பிரிக்க வேண்டும்? அந்த அட்டையை வேண்டுமானால் அலமாரியிலேயே விட்டுவிடுங்கள், பாவம் ஒன்றும் இல்லை.

அதற்குப் பதிலாக ஆபகூக் தீர்க்கதரிசியின் புஸ்தகத்தை எடுங்கள். “அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்” என்ற பகுதி உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். அதில் வருகிறதெல்லாம் பிழைப்பு போன பட்டியல்தான்: ஒலிவமரத்தின் பலன் இல்லை, வயலில் விளைச்சல் இல்லை, கிடையில் ஆடு இல்லை, தொழுவத்தில் மாடு இல்லை. உங்கள் வீட்டில் தறி ஓடவில்லை என்பதையும் சேர்த்து வாசியுங்கள். “நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்” என்று அதன் முடிவில் சொல்கிற அதே மனுஷன், அதற்குச் சற்று முன்னால் தன் குடல் குழம்பினதையும் உதடுகள் துடித்ததையும் எழுதியிருக்கிறான். அந்தப் புஸ்தகத்தை அவன் தொடங்கினதே, “கர்த்தாவே, நான் எதுவரைக்கும் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே!” என்ற முறையீட்டோடுதான். முதல் அதிகாரத்தைத் தாண்டிக் குதித்து மூன்றாம் அதிகாரத்துக்குப் போக வேண்டியதில்லை. நீங்கள் இப்போது முதல் அதிகாரத்தில் இருந்தால் அதையே சத்தமாக ஜெபியுங்கள். சங்கீதம் 13, 42, 88 மூன்றும் உங்களுக்காகவே வேதத்தில் இருக்கின்றன. 88-ஆம் சங்கீதம் கடைசிவரை வெளிச்சமே வராமல் இருளில் முடிகிறது. அதையும் தேவன் ஜெபமாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

இந்த வாரம் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். சபையில் உங்களுக்கு நம்பிக்கையான இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள், அதில் ஒருவராவது உங்கள் வயதை ஒட்டிய பெண்ணாக இருக்கட்டும். ‘ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எவ்வளவு கடன், யார் மிரட்டுகிறார்கள், எந்த நேரத்தில் அதிகமாகப் பயமாக இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நிறுவனத்துக்குப் புகார் கொடுக்கப் போகும்போது கூட வர முடியுமா என்று கேளுங்கள். ராத்திரி பயம் வரும்போது போன் செய்யலாமா என்று கேளுங்கள். சேர்ந்து பாடுங்கள், உங்களுக்குப் பிடித்த ஒரு கீர்த்தனையின் இரண்டு சரணம் போதும். குரல் உடைந்தால் அவர்கள் பாடட்டும். ஞாயிற்றுக்கிழமை உங்களால் முடிந்தால், முடிந்தால் மட்டும், எழுந்து, ‘எங்கள் வீட்டில் கஷ்டம் தீரவில்லை, நான் இன்னும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று சொல்லுங்கள். அதுவும் சாட்சிதான். அந்தச் சபையில் அதற்காகவே காத்திருக்கிற யாரோ ஒருவர் நிச்சயம் இருப்பார்.

தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் இல்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். பவுலின் கூடவே லூக்கா என்ற வைத்தியர் இருந்தார். சூரைச்செடியின்கீழ் சாக வேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் கிடைத்தது தூக்கமும், தேவதூதன் கொடுத்த அடையும் தண்ணீரும். தேவன் அவனோடு பேசினது அதற்கு அப்புறம். உங்களுக்கோ உங்கள் கணவருக்கோ செத்துவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாமல் யாரிடமாவது சொல்லிவிடுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவை இரவு பகல் எந்நேரமும் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

கணவரைப் பற்றி. ஆராதனைக்கு வரச் சொல்லி இப்போது வற்புறுத்த வேண்டாம். தொழில் போன ஆண்மகனுக்கு நாலு பேர் முன்னால் நிற்பதே பெரிய பாரம். அங்கே யாராவது ‘எப்படிப் போகிறது’ என்று கேட்டாலே அவருக்கு உயிர் போகும். அதற்குப் பதிலாக, அவரோடு ஒத்த வயதுள்ள, முடிந்தால் தொழிலில் அடிபட்டு எழுந்த ஒரு சகோதரரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வேதாகமத்தைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டீ குடித்துவிட்டு, நின்றுபோன தறியைப் பார்த்து, எந்தப் பாகத்தை விற்கலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேரும் பேசட்டும். ஜெபம் பண்ணலாமா என்று உங்கள் கணவரே கேட்கிற வரைக்கும் அந்தச் சகோதரர் வாரம் ஒருமுறை வந்துகொண்டிருக்கட்டும்.